கைதி எண் 81-ஏ
போர்க்காலத்தில் ஒரு நாயும் அதன் தோழர்களும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். தோட்டத்தில் வாழ்பவருக்கு அதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதுமில்லை. இருள் பிரியுமுன் பால் வெட்டப் புறப்படும் தொழிலாளியின் முன்னே ஓடிச் செல்லும் நாயை அறியாத தோட்டம் ஏது? வழியில் பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். காட்டுப்பன்றியின் வாடை வந்தால் உறுமும். வெட்டு முடியும்வரை மரத்தடியில் சுருண்டு கிடந்து, வாளிகள் ஸ்டோருக்குப் போகும் நேரத்தில் தானும் எழுந்து உடன் நடக்கும்.

நாயின் நன்றியைப் பற்றி இவ்வாறு நாம் நிறையவே பேசுகிறோம். அந்த நாய்க்கு மனிதன் பட்ட கடன் யாது, அதை அவன் தீர்த்தானா என்னும் கேள்வியை அதிகம் கேட்பதில்லை. சாதாரண நாட்களில் அக்கேள்வி எழுவதற்கு அவசியமும் இல்லை. சட்டியில் சோறு மிஞ்சியிருக்கும் வீட்டில் நாய்க்கு ஒரு கை சோறு வைப்பது பெரிய காரியமன்று. மிச்சம் என்பதே இல்லாத இடத்தில்தான் மனிதன் பக்கத்து நன்றி சோதனைக்கு உள்ளாகிறது. போர்க்காலத்துக் கைதி முகாம் அத்தகையதோர் இடமாக இருந்தது.

தைப்பூசத்திற்குச் சிங்கப்பூர் சென்று வந்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பர். அங்கே காவடிகள் சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோவிலில் புறப்பட்டு, லிட்டில் இந்தியா என்று இன்று அழைக்கப்படும் வட்டாரத்தின் வழியே சென்று, தேங்க் சாலையிலுள்ள தெண்டாயுதபாணி கோவிலை அடைகின்றன. இந்த நடைவழியின் இரு முனைகளும் போர்க்காலத்தோடு தொடர்புடையவை. காவடிகள் புறப்படும் கோவிலுக்கு அண்மையில் இருப்பது ஃபேரர் பார்க் திடல். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படைகள் சரணடைந்தன. இரண்டு நாட்கள் கழித்து, ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் அத்திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். காவடிகள் சென்று சேரும் கோவிலுக்கு அருகே செல்வது ரிவர் வேலி சாலை. அச்சாலையின் மேற்குப் பகுதியில், சிங்கப்பூர் ஆற்றின் பக்கமாக, அத்தாப்புக் கொட்டகைகளைக் கொண்ட கைதி முகாம் ஒன்று அன்று இருந்தது. 1944ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்த முகாமின் வாயிலில் ஒரு கைதியும் ஒரு நாயும் மீண்டும் சந்தித்தனர். இருவரும் மூழ்கிய கப்பலிலிருந்து தனித்தனியே கரை சேர்ந்தவர்கள். மற்றவர் உயிரோடிருப்பது இருவருக்குமே தெரியாது.

அந்த நாயின் பெயர் ஜூடி. அதன் வரலாற்றை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பீரங்கிப் படகில் ஒரு வேட்டை நாய்

ஜூடி 1936ஆம் ஆண்டில் சீனாவின் ஷாங்காய் நகரில் பிறந்தது. பாயின்டர் என்னும் ஆங்கில வேட்டை நாய் இனம். வெள்ளை உடலில் ஈரல் நிறத் திட்டுகள் கொண்டது. புதரில் பறவை பதுங்கியிருந்தால், குரைக்காமல், மூக்கை அத்திசை நோக்கி நீட்டி ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்பது இவ்வினத்தின் இயல்பு. யாங்சி ஆற்றில் ரோந்து சென்ற 'நாட்' என்னும் பிரிட்டிஷ் பீரங்கிப் படகின் மாலுமிகள், கரையில் வேட்டைக்குப் போகும்போது துணையாக இருக்கட்டும் என்று இந்தக் குட்டியை வாங்கினர். வேட்டைக்கு அது சிறிதும் உதவவில்லை. மாலுமிகள் கொடுத்த செல்லம் அப்படி!

வேறு வகையில் அது தன் சோற்றுக்குக் கணக்குக் காட்டியது. நாயின் செவி மனிதச் செவிக்கு எட்டாத மெல்லிய ஒலிகளையும் உயர்ந்த சுருதிகளையும் பிடிக்க வல்லது. விமானம் கண்ணுக்குத் தெரியும் முன்னரே ஜூடி வானத்தை நோக்கிக் குரைக்கும். இரவில் ஆற்றுக் கொள்ளையரின் படகு நெருங்கினாலும் குரைக்கும். மாலுமிகள் அந்தக் குரைப்பைக் கப்பலின் எச்சரிக்கை மணிக்குச் சமமாக மதிக்கத் தொடங்கினர்.

1939ஆம் ஆண்டில் அம்மாலுமிகளில் சிலர் 'கிராஸ்ஹாப்பர்' என்னும் மற்றொரு பீரங்கிப் படகுக்கு மாற்றப்பட்டனர். ஜூடியும் உடன் சென்றது. (ஒன்றின் பெயருக்குப் பொருள் கொசு போன்ற சிறு பூச்சி; மற்றதன் பெயருக்கு வெட்டுக்கிளி. உருவத்தில் சிறிய இப்படகுகளுக்குப் பூச்சிகளின் பெயர் சூட்டிய கடற்படையினர் நகைச்சுவை அறிந்தவர்களே.) ஐரோப்பாவில் போர் மூண்டதும் கிராஸ்ஹாப்பர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது.

1942 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் வீழ்வதற்கு இரண்டே நாட்கள் இருந்தன. துறைமுகத்திலிருந்து தப்பக்கூடிய கப்பல்கள் எல்லாம் தப்பிக்கொண்டிருந்தன. கிராஸ்ஹாப்பரும் அகதிகளை ஏற்றிக்கொண்டு பத்தேவியா நோக்கிப் புறப்பட்டது. மறுநாளே ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுவிட்டன. சிங்கெப் தீவுக்கு அருகே குண்டுகள் விழுந்தன. பிழைத்தவர்கள் மனித வாசமற்ற சிறு தீவு ஒன்றில் கரை ஏறினர். நாயைக் காணவில்லை. உணவுப் பொருள் ஏதேனும் கிடைக்குமா என்று பாழடைந்த கப்பலுக்கு நீந்திச் சென்ற ஜார்ஜ் ஒயிட் என்னும் மாலுமி, சரிந்து கிடந்த இரும்புப் பெட்டிகளுக்கு அடியில் ஜூடி சிக்கியிருப்பதைக் கண்டு மீட்டு வந்தார்.

தீவில் குடிநீர் இல்லை. பெண்களும் பிள்ளைகளும் காயம்பட்டவர்களும் தாகத்தால் தவித்தனர். அப்பொழுது ஜூடி கடற்கரையில், அலை வந்து போகும் எல்லைக்கு உட்பட்ட ஓரிடத்தில், மணலைப் பறிக்கத் தொடங்கியது. மனிதர்களும் சேர்ந்து தோண்டினர். நல்ல தண்ணீர் ஊறியது. இதில் மாயம் ஏதுமில்லை. தீவின் மேல் பெய்யும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்தது ஆதலால், அதன் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. நிலம் சரிந்து கடலைத் தொடும் இடத்தில் அப்படலம் மேற்பரப்புக்கு அருகே வருகிறது. ஈர மணலின் வாடையிலிருந்து நன்னீரைப் பிரித்தறிய நாயின் மூக்கால் முடிந்தது. அத்தனை மனிதரில் ஒருவராலும் முடியவில்லை.

அங்கிருந்து படகில் சிங்கெப் தீவுக்கும், பின்னர் சுமத்ராவுக்கும் சென்று, இந்திரகிரி ஆற்றின் வழியாகவும் காட்டின் வழியாகவும் மேற்குக் கரையை நோக்கி அக்கூட்டம் நடந்தது. வழியில் முதலை ஒன்று ஜூடியின் தோளைக் கிழித்தது. பாடாங் துறைமுகத்தை அவர்கள் அடைந்தபோது, அவர்களை ஏற்றிச் செல்லக்கூடிய கடைசிக் கப்பலும் போய்விட்டிருந்தது. மார்ச் மாதத்தில் அனைவரும் ஜப்பானியரிடம் பிடிபட்டனர். வடக்கே மேடான் நகரத்திற்குக் கைதிகளைக் கொண்டு சென்றபோது, வெற்று அரிசிச் சாக்குகளுக்கு அடியில் நாயையும் ஒளித்துக் கொண்டுபோயினர்.

ஒரு கை சோறு

மேடான் நம்மவர்க்கு அந்நியமான ஊரன்று. டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்று குடியேறினர். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இன்றும் அந்நகரில் இருக்கிறது. அந்நகரை ஒட்டிய குளுகூர் என்னும் இடத்தில் முகாம் அமைந்திருந்தது. 1942 ஆகஸ்டில் ஃபிராங்க் வில்லியம்ஸ் என்னும் பிரிட்டிஷ் விமானப்படை வீரர் ஜூடியை அங்கே முதன்முதலாகச் சந்தித்தார்.

அதுவரை ஜூடி எல்லாருடைய நாயாகவும் இருந்தது; ஆகையால் ஒருவருடைய நாயாகவும் இல்லை. கைதிகளுக்கு அளந்து கொடுக்கப்பட்ட சோறு அவர்களுக்கே போதாது. அதிலும் புழு மிதக்கும். விலா எலும்புகள் தெரிய நின்ற அந்த நாயைச் சில நாட்கள் கவனித்த வில்லியம்ஸ், ஒரு நாள் தம் பங்குச் சோற்றை அதன் முன் வைத்தார். அன்றிலிருந்து அவரைவிட்டு அது அகலவில்லை.

இவ்விடத்தில் சிலருக்கு ஓர் ஐயம் தோன்றலாம். மனிதர் பசியால் சாகும் இடத்தில் நாய்க்குச் சோறு கொடுப்பது தகுமா? கேள்வி நியாயமானதே. அதற்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வில்லியம்ஸ் பிறர் பங்கை எடுத்துக் கொடுக்கவில்லை, தம் வாய்க்குப் போவதைக் கொடுத்தார். நாயும் சும்மா இருந்து உண்ணவில்லை. எலி, பாம்பு என்று காட்டில் கிடைத்ததைப் பிடித்து வந்தது. தேளும் பாம்பும் கொட்டகையில் நுழைந்தால் காட்டிக் கொடுத்தது. காவலர் வருவதை முன்கூட்டியே அறிவித்தது.

ஆனால் அதன் குணத்தில் ஓர் ஆபத்து இருந்தது. காவலர் ஒரு கைதியை அடிக்கும்போது ஜூடி குறுக்கே பாய்ந்து உறுமும். துப்பாக்கி ஏந்திய காவலர் எத்தனை நாள் பொறுப்பர்? இன்றோ நாளையோ சுட்டுவிடுவர் என்பது உறுதியாகத் தெரிந்தது. இதற்கு வில்லியம்ஸ் கண்ட வழிதான் இக்கதையில் மிகவும் விநோதமானது. நாயைக் கைதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன?

பட்டியல் என்பது வெறும் காகிதமன்று. ஒரு பெயர் முகாம் ஏட்டில் ஏறிவிட்டால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அதிகாரிக்கு வந்துவிடுகிறது. காரணமில்லாமல் அதைக் கொன்ற காவலன் பதில் சொல்ல நேரும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் வழக்கத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு, ஏட்டில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. ஜூடி அப்பொழுது குட்டிகள் ஈன்றிருந்தது. முகாம் தலைவரான கர்னல் பன்னோ ஒரு மாலைப் பொழுதில் மது அருந்தி மகிழ்ச்சியாக இருந்த வேளை பார்த்து, அவருடைய தோழிக்கு அன்பளிப்பாக ஒரு குட்டியைக் கொண்டு சென்றார் வில்லியம்ஸ். பேச்சோடு பேச்சாகத் தம் கோரிக்கையையும் வைத்தார். ஒரு சாதாரணக் கைதி முகாம் தலைவரின் அறைக்குள் அழைப்பின்றி நுழைவதே உயிருக்கு ஆபத்தான செயல். ஆயினும் காரியம் நிறைவேறியது. '81-ஏ, குளுகூர், மேடான்' என்று ஜூடி பதிவு பெற்றது. இரண்டாம் உலகப் போரில் முறைப்படி போர்க் கைதியாகப் பதிவான ஒரே விலங்கு அதுவே என்று சொல்லப்படுகிறது.

இதை எழுதும்போது நமக்கு வேறொரு நினைவும் எழாமலில்லை. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு மடிந்த வெள்ளைக்காரப் போர்வீரர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உள்ளன. நம்மவரில் எத்தனையோ பேருக்கு ஓர் எண்ணும் இல்லை, ஒரு கல்லும் இல்லை. ஜூடியின் மேல் இதில் ஒரு குறையுமில்லை. ஏட்டில் ஏறுவது ஓர் உயிரைக் காக்கக்கூடும் என்பதை அந்த நாயின் வரலாறு காட்டுவதால், ஏறாத பெயர்கள் நம் மனத்தை உறுத்துகின்றன.

சாக்குக்குள் மூன்று மணி நேரம்

1944 ஜூனில் கைதிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பும் கட்டளை வந்தது. அதற்குள் பன்னோ மாற்றலாகி, நிஷி என்னும் காப்டன் முகாமின் பொறுப்பை ஏற்றிருந்தார். நாய் உடன் வரக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. வில்லியம்ஸ் வாதாடவில்லை. விரலைச் சொடுக்கினால் ஓர் அரிசிச் சாக்குக்குள் புகுந்து, தோளில் தூக்கினாலும் மூச்சுக் காட்டாமல் கிடக்குமாறு ஜூடியைப் பழக்கினார். பயண நாளன்று கைதிகள் கப்பல் தளத்தில் கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக நிறுத்தப்பட்டனர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அந்தச் சாக்கு வில்லியம்ஸின் தோளில் தொங்கியது. உள்ளிருந்து ஒரு முனகலும் எழவில்லை.

ஜப்பானியர் 'ஹருகிக்கு மாரு' என்று பெயரிட்டிருந்த அக்கப்பல் டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டது. கைதிகள் இருப்பதற்கான அடையாளம் எதுவும் அதன் மேல் இடப்படவில்லை. ஜூன் 26ஆம் நாள் மலாக்கா நீரிணையில் 'ட்ரூகுலென்ட்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அதைக் குண்டெறிந்து பிளந்தது. அந்த நீர்மூழ்கி பிரிட்டிஷாருடையது. தன் நாட்டு மக்களே உள்ளே இருப்பதை அது அறியாது. கைதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

குண்டு பாய்ந்ததும் கீழ்த்தட்டில் கூச்சலும் நெரிசலும். ஏணி வழியாக நாயைத் தூக்கிச் செல்ல இயலாது என்று கண்ட வில்லியம்ஸ், கப்பலின் வட்டச் சாளரத்தில் அதை நுழைத்துக் கடலில் தள்ளிவிட்டார். பின்னர் தாம் எப்படியோ வெளியேறினார். மணிக்கணக்காக நீரில் தேடியும் ஜூடி அகப்படவில்லை. அதே நேரத்தில் வேறோரிடத்தில் ஜூடி நீந்திக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்தனர். மூழ்கவிருந்தவர்கள் அதன் முதுகைப் பற்றிக்கொள்ள விட்டு, மிதக்கும் மரத்துண்டுகள் வரை அவர்களை அது இழுத்துச் சென்றது என்பது பிழைத்தவர்களின் கூற்று. எண்ணெயில் தோய்ந்து, கடைசியாக மீட்புப் படகில் ஏற்றப்பட்ட உயிர்களுள் அதுவும் ஒன்று.

சிங்கப்பூர் வந்து இறங்கியவர்களிடம் ஆடையும் இல்லை, பாத்திரமும் இல்லை. லெஸ் சேர்ல் என்னும் பழைய நண்பர் ஜூடியை மறைத்து முகாமுக்குக் கொண்டு சேர்த்தார். நிஷி அதைக் கண்டு சினந்தபோது, பன்னோ குறுக்கிட்டுக் காப்பாற்றினார் என்று கைதிகள் பின்னர் கூறினர். சில நாட்கள் சென்று ரிவர் வேலி முகாமின் வாயிலில் வில்லியம்ஸ் நுழைந்தார். பின்னாலிருந்து ஏதோ அவர் முதுகில் மோதியது. அவர் குப்புற விழுந்தார். திரும்பிப் பார்த்தபோது எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகாத அந்த நாய் அவர்மேல் நின்றுகொண்டிருந்தது. நாம் முதலில் குறிப்பிட்ட சந்திப்பு இதுவே.

சுமார் ஒரு மாத காலமே அவர்கள் சிங்கப்பூரில் தங்கினர். பிறகு மீண்டும் சுமத்ராவுக்கு, இம்முறை இரயில் பாதை போடுவதற்காகக் கொண்டு செல்லப்பட்டனர். பாக்கான் பாருவிலிருந்து மூவாரோ வரை ஏறத்தாழ 220 கிலோமீட்டர். சதுப்பும் காடும் நிறைந்த நிலம். ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் அங்கே பல்லாயிரக்கணக்கில் இறந்தனர். கைதிகளுக்குக் கிடைத்தது மரவள்ளி மாவுக் கஞ்சியும் கொஞ்சம் அரிசியும். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த நம் முன்னோருக்கு அந்தப் பசி தெரியும். நோயில் விழுந்து வேலைக்குப் போகாதவருக்கு உணவு பாதியாகக் குறைக்கப்பட்டது. வில்லியம்ஸுக்கு மலேரியா வந்தது. அப்பொழுதும் ஜூடிக்குரிய பங்கு நிற்கவில்லை.

அங்கே ஜூடி குரைப்பதை அறவே விட்டுவிட்டது. ஒரு மெல்லிய சீழ்க்கையில் காட்டுக்குள் மறையும். மற்றொன்றில் திரும்பி வரும். காவலர் அதைச் சுட்டதும் உண்டு. குண்டு உரசிச் சென்றது. பசித்த மனிதர்களிடமிருந்தும் அதை மறைக்க வேண்டியிருந்தது. நாயிறைச்சியும் இறைச்சிதானே!

பிற்காலத்தில் வில்லியம்ஸ் இக்காலத்தை நினைவுகூர்ந்து பேசியதுண்டு. ஜூடி பல வகையில் தம் உயிரைக் காத்தது என்றும், அவற்றுள் தலையானது தமக்கு வாழ்வதற்கு ஒரு காரணம் தந்தது என்றும் அவர் கூறினார். தாம் இறந்துவிட்டால் இதன் கதி என்னவாகும் என்று அதன் சோர்ந்த கண்களைப் பார்த்து எண்ணுவாராம். இதை நாம் சற்று ஆராய்ந்து பார்க்கலாம். கைதி என்பவன் எல்லாவற்றையும் பிறர் விருப்பப்படி செய்பவன். எழுவதும் உண்பதும் நடப்பதும் கட்டளைப்படி. தன் விருப்பத்தால் அவன் செய்யக்கூடிய செயல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்நிலையில் ஒரு கை சோற்றைத் தானே எடுத்து மற்றோர் உயிருக்கு வைப்பவன், அந்த ஒரு கணம் கைதியாக இருப்பதில்லை. ஒரு வீட்டின் தலைவனைப்போல் ஆகிவிடுகிறான். நாய் அவனைக் காத்தது என்பது பாதி உண்மை. தன்னைக் காக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தது என்பது மறுபாதி.

நாடு திரும்பல்

1945 ஆகஸ்ட் 15ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த அதே நாளில், அந்த இரயில் பாதை கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் காடு அதை விழுங்கிக்கொண்டது.

விடுதலை பெற்றவர்களைத் தாயகம் கொண்டு செல்லச் சிங்கப்பூரில் 'ஆன்டினார்' என்னும் கப்பல் காத்திருந்தது. அங்கும் ஒரு விதி: நாய், பறவை முதலிய எவ்வுயிரும் கப்பலில் ஏற்றப்படாது! மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியரை ஏய்த்தவருக்குத் தம் நாட்டு அதிகாரிகளை ஏய்ப்பதா பெரிது? நண்பர்கள் காவலர்களைப் பேச்சில் ஈடுபடுத்தினர். ஜூடி கப்பலேறியது. இங்கிலாந்தில் வெறிநாய்க்கடி நோய் பரவாமல் தடுக்கும் பொருட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் தனித்து வைக்கும் சட்டம் இருந்தது. இதில் மட்டும் குறுக்குவழி கிடையாது. 1946 ஏப்ரல் இறுதியில்தான் ஜூடி வெளியே வந்தது.

மறு மாதமே அதற்கு டிக்கின் பதக்கம் அணிவிக்கப்பட்டது. நோயுற்ற பிராணிகளுக்கு இலவச மருத்துவம் செய்யும் பிரிட்டிஷ் அறநிறுவனம் ஒன்றை நிறுவிய மரியா டிக்கின் அம்மையார், போரில் துணிவு காட்டிய விலங்குகளுக்காக 1943இல் ஏற்படுத்திய பதக்கம் இது. நாய்களோடு செய்தி சுமந்த புறாக்களும் இதைப் பெற்றுள்ளன. ஜப்பானிய முகாம்களில் காட்டிய தீரத்திற்காகவும், கைதிகளின் மனவுறுதி குலையாமல் காத்ததற்காகவும், தன் அறிவாலும் விழிப்பாலும் பல உயிர்களைக் காத்ததற்காகவும் ஜூடிக்கு அது வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வெற்றி விழாவையொட்டி, அதன் குரைப்பொலி பிபிசி வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று.

1948இல் வில்லியம்ஸ் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கனிக்காவில் நிலக்கடலை பயிரிடும் அரசாங்கத் திட்டமொன்றில் வேலை ஏற்றார். ஜூடியும் சென்றது. 1950 பிப்ரவரி 17ஆம் நாள், நச்சிங்வேயா என்னும் ஊரில், கட்டி நோய் முற்றியதால் அதைக் கருணையோடு உறங்கச் செய்தனர். தம் விமானப்படைச் சட்டையில் அதைச் சுற்றிப் புதைத்த வில்லியம்ஸ், சலவைக்கற்களை உடைத்துச் சேர்த்துத் தம் கையாலேயே ஒரு நினைவு மேடை கட்டினார். அதற்கு அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நிலக்கடலைத் திட்டம் தோல்வியுற்று 1951இல் கைவிடப்பட்டது.

நாய்க்குக் கல் நாட்டுவதா என்று வியக்க வேண்டியதில்லை. அது நம் முன்னோர் அறிந்த வழக்கமே. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பழமையானது. போரில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட அக்கல்லில், வில்லும் கத்தியும் ஏந்திய அவன் உருவத்திற்குப் பின்னால் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஊரார் தம் வீரனின் பெயரோடு நாயின் பெயரையும் மறவாமல் பொறித்தனர்.

ரப்பர்க் காட்டில் நான்கு நாய்கள்

ஜூடியின் கதை கடல் கடந்தது என்றால், இன்னொன்று நம் தோட்டங்களின் ஓரத்திலேயே நடந்தது. 1948 முதல் 1960 வரை மலாயாவில் நிலவிய அவசரகாலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். முள்வேலி, ஊரடங்கு, அரிசி அளவு, மரங்களுக்கிடையே எந்நேரமும் அச்சம். அக்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக் காவல் பிரிவின் மோப்ப நாய்கள் நான்கு காட்டு ரோந்துகளோடு பணியாற்றின. பாபி, ஜாஸ்பர், லாஸி, லக்கி என்பன அவற்றின் பெயர்கள்.

மனித மூக்கைவிடப் பல ஆயிரம் மடங்கு கூர்மையானது நாயின் மூக்கு. ஆனால் நம் காட்டில் அதற்கும் சோதனை உண்டு. கடும் மழை வாடையைக் கழுவிவிடும். உச்சி வெயில் அதைக் கலைத்துவிடும். ஆற்றில் இறங்கி நடந்தவனின் தடம் நீரோடு போய்விடும். அடர்ந்த ரோமமுள்ள நாய் புழுக்கத்தில் விரைவில் களைத்துவிடும். இவற்றையெல்லாம் அறிந்து, எப்பொழுது நாயை நிறுத்துவது, எப்பொழுது நீர் கொடுப்பது, அது காதை விறைத்தால் என்ன பொருள், வாலைத் தாழ்த்தினால் என்ன பொருள் என்று கண்டுகொள்வது அதை நடத்துபவரின் வேலை. அவர் தவறாகப் படித்தால் பின்னால் வரும் படையினர் அனைவரும் பதுங்கியிருப்பவரின் துப்பாக்கிக்கு முன் போய் நிற்பர். வரிசையில் முதலில் செல்வதும் நாயே. முதலில் குண்டு படுவதும் பெரும்பாலும் அதற்கே.

1949 முதல் 1952 வரை பணியாற்றிய அந்நான்கில் மூன்று கடமையிலேயே உயிரிழந்தன. லக்கி மட்டும் மிஞ்சியது. அந்த அணிக்கு டிக்கின் பதக்கம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலான தாமதம். லக்கியை நடத்திச் சென்ற ஸ்டேபிள்டன் என்பவர் அப்பொழுது முதுமையில் இருந்தார். காட்டில் ஒவ்வொரு நிமிடமும் தங்கள் உயிரை அந்த நாய்களிடம் ஒப்படைத்திருந்ததாகவும், தாம் லக்கிக்கு உயிர்க்கடன் பட்டிருப்பதாகவும் அவர் கூறினார்.

சிங்கப்பூரில் இன்று ஆயுதப்படையிலும் காவல்துறையிலும் மோப்ப நாய்கள் பணிபுரிகின்றன. சில ஆண்டுகள் உழைத்தபின் அவை ஓய்வு பெறுகின்றன. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வசிப்பது அரசாங்க அடுக்குமாடி வீடுகளில். சிறிய இன நாய்களை மட்டுமே அவ்வீடுகளில் வளர்க்கலாம் என்பது பொது விதி. ஆகவே பல ஆண்டுகள் தன்னோடு உழைத்த நாயை வீட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பியவருக்கும் அதன் உடற்பருமனே தடையாக இருந்தது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் அந்த விதி தளர்த்தப்பட்டு, ஓய்வு பெற்ற மோப்ப நாய்களை அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க வழி செய்யப்பட்டது.